பாட்டி சுட்ட வடை எத்தனை? - நமக்குத் தெரிந்த கதைகளில் ஒளிந்திருக்கும் கணக்குப் பாடம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு எட்டு மணி. யு.கே.ஜி படிக்கும் அக்கா மகள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். எதிரே மேத்ஸ் நோட்டு. 1 முதல் 50 வரை இரண்டு முறை எழுத வேண்டும், கீழே ஐந்து கழித்தல் கணக்கு. 12-க்குப் பதில் 21 என்று எழுதி, அழித்து, எழுதி, பேப்பரே கிழிந்துபோயிருந்தது.

"10-லேருந்து 1 போனா எத்தனைடீ?" இது அக்கா.

பதில் இல்லை. கண்ணீர்தான் வந்தது.

நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பில் அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. "எனக்கும் மேத்ஸ் வராது. நீயும் என்னை மாதிரியேதான் இருக்க" என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து, என் அம்மா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினார். வேறென்ன, பாட்டி வடை சுட்ட கதைதான்.

"பாட்டி சுடச்சுட பத்து வடை சுட்டு வச்சிருந்தா. காக்கா வந்து ஒன்னைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அய்யோ, இப்ப பாட்டிகிட்ட எத்தனை வடை இருக்கும்?"

குட்டி பத்து விரலையும் விரித்தாள். ஒன்றை மடக்கினாள். "ஒம்போது அம்மாச்சி!"

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே 10, அதே 1. நோட்டில் வராத கணக்கு, கதையில் வந்துவிட்டது.

நான் சும்மா இருக்காமல், "அப்புறம் நரி ஒரு வடையை எடுத்துட்டுப் போச்சா... அப்ப பாட்டிகிட்ட எட்டு வடைதானே இருக்கும்?" என்றேன். அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "இல்ல சித்தி! நரி காக்காகிட்டேருந்துதான எடுத்துச்சு? பாட்டிகிட்ட இன்னும் ஒம்போதுதான் இருக்கு!"

'மேத்ஸ் வராது' என்று சற்று முன்பு நாங்கள் முடிவுகட்டிய குழந்தை இவள்தான். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இதே யோசனை. அடுத்த சில நாள்கள் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில், உங்கள் வீட்டுக்கும் பயன்படும் என்று தோன்றியவை இங்கே.

பயம் பரம்பரைச் சொத்தா?

முதலில் அக்கா சொன்ன அந்த வாக்கியம். அதை நம்மில் பலர் சொல்லியிருப்போம். ஆனால், அது வெறும் புலம்பலோடு நிற்பதில்லை.

அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. மேத்ஸ் என்றாலே பதறும் பெற்றோர், அடிக்கடி உட்கார்ந்து ஹோம்வொர்க்குக்கு உதவினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகத்தான் கற்றிருந்தார்கள். கணக்கின் மீதான பயமும் அவர்களிடம் கூடியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் ஹோம்வொர்க்கில் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. அதாவது, பயம் ரத்தத்தில் போவதில்லை. ஹோம்வொர்க் நேரத்து முகத்திலும் குரலிலும்தான் போகிறது.

'அப்போ, நான் சொல்லியே கொடுக்கக் கூடாதா?' என்று கேட்கிறீர்களா? அதே 2015-ல் வந்த இன்னோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. சிகாகோ பகுதியில் 587 முதல் வகுப்புக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு, தூங்கும் முன் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து படிக்க, கணக்குக் கேள்விகளோடு கூடிய குட்டிக் குட்டி வாசிப்புகள். இன்னொரு பிரிவினருக்கு கணக்கு இல்லாத வாசிப்பு. கல்வியாண்டின் முடிவில், கணக்கோடு படித்த குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். அதில் அதிகம் பலன் பெற்றவர்கள் யார் தெரியுமா? மேத்ஸ் பயம் உள்ள பெற்றோரின் குழந்தைகள்! வாரத்துக்கு ஒரு முறை படித்த வீடுகளில்கூட வித்தியாசம் தெரிந்தது.

ஹோம்வொர்க்கில் பயத்தைக் கடத்திய அதே அம்மா அப்பாக்கள், கதை நேரத்தில் தைரியத்தைக் கடத்த முடிகிறது.

கதைக்குள் என்ன நடக்கிறது?

'10 - 1' என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கு மூன்று கிறுக்கல்கள். அதற்கு விடை தெரிந்தே ஆக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, டீச்சருக்குத்தான். ஆனால் பாட்டியின் வடை குறைந்துவிட்டது என்றால், எத்தனை மிச்சம் என்று அவளுக்கே தெரிய வேண்டியிருக்கிறது. பாட்டி பாவம் இல்லையா!

நெதர்லாந்தில் 18 மழலையர் வகுப்புகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், பாதி வகுப்புகளில் மூன்று மாதம் படக்கதைப் புத்தகங்களை ஆசிரியர்கள் வாசித்துக் காட்டினார்கள். மற்ற வகுப்புகளில் வழக்கமான பாடம். கதை கேட்ட குழந்தைகள் கணக்கில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வித்தியாசம் பிரமாண்டம் இல்லை, ஆனால் இருந்தது.

அந்த ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்ட உத்திகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கதையை நிறுத்திப் பாடம் நடத்தக் கூடாது. மாறாக, தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். 'அட, இது எத்தனைன்னு எனக்குத் தெரியலையே...' என்று இழுத்தால் போதும், குழந்தை டீச்சர் ஆகிவிடும். அன்று நான் 'எட்டு' என்று சொன்னது, தெரியாமலே செய்த சரியான காரியம்.

ஐந்து கதைகள்... ஐந்து கணக்குகள்!

இதற்குப் புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். நமக்குத் தெரிந்த கதைகளே போதும். பொருள்கள் எல்லாம் சமையலறையிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயம்: மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் கோலி, புளியங்கொட்டை, கூழாங்கல் போன்றவை வேண்டாம். வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. பெரியவர்கள் பக்கத்திலேயே இருங்கள்.

1. குல்லா வியாபாரியும் குரங்குகளும் (3 வயது முதல்): ஒன்று முதல் இருபது வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கும் குழந்தையிடம், ஏழு கரண்டியைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கரண்டியை இரண்டு தடவை எண்ணும், ஒன்றை விட்டுவிடும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஆறு டம்ளர்தான் குரங்குகள், ஆறு கிண்ணம்தான் குல்லாக்கள். ஒவ்வொரு குரங்குக்கும் ஒரு குல்லா வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு குல்லாவை ஒளித்துவிடுங்கள். 'ஒரு குரங்குக்குக் குல்லா இல்லையே!' என்று குழந்தை கத்தும்போது, ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது அதற்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணி முடித்ததும், 'அப்ப மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணாமல் 'ஆறு' என்று சொன்னால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் பிடிபட்டுவிட்டது.

2. தங்கமுடிச் சிறுமியும் மூன்று கரடிகளும் (3 வயது முதல்): இங்கிலீஷ் மீடியம் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை. ராபர்ட் சவுதி என்ற ஆங்கிலக் கவிஞர் 1837-ல் இதை அச்சில் வெளியிட்டபோது, கரடி வீட்டுக்குள் நுழைந்தது சிறுமி இல்லை, ஒரு கிழவி! பெரிது, நடுத்தரம், சிறிது என்று வரிசைப்படுத்துவதும், பெரிய கரடிக்குப் பெரிய கிண்ணம் என்று பொருத்துவதும் இதில் உள்ள கணக்கு. வீட்டில் உள்ள மூன்று கரண்டி, மூன்று தட்டு, மூன்று கிண்ணத்தை எடுத்துக் கலைத்துப் போட்டு, கரடிகளுக்குப் பந்தி போடச் சொல்லுங்கள்.

3. தாகம் தீர்த்த காகம் (4 வயது முதல்): கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர். பக்கத்தில் கோலிக்குண்டுகள். 'தண்ணி மேல வர்றதுக்கு எத்தனை கோலி போடணும்?' முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு போட்டு எண்ணுங்கள். ஊகம் தப்பானால் பரவாயில்லை, அடுத்த முறை நெருங்கி வரும். பிறகு தண்ணீரை ரொம்பக் குறைத்துவிட்டுப் பாருங்கள். டம்ளர் நிறைய கோலி போட்டாலும் தண்ணீர் மேலே வராது, கோலிகளுக்கு இடையே உள்ள சந்துகளிலேயே நின்றுவிடும். 'அப்ப காக்கா என்ன பண்ணும்?' என்ற கேள்விக்கு உங்கள் குழந்தை சொல்லும் பதிலைத் தவறவிடாதீர்கள். இன்னொரு தகவல்: காக்கை இனத்தைச் சேர்ந்த 'ரூக்' பறவைகள், குழாயில் கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்தி, மிதக்கும் புழுவை எடுப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-ல் நிரூபித்தார்கள். கதை நிஜம்தான்!

4. இரண்டு பூனையும் அப்பமும் (5 வயது முதல்): தோசையை வேண்டுமென்றே கோணலாகப் பிய்த்து, 'இந்தா உனக்குப் பாதி, எனக்குப் பாதி' என்று பெரிய துண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை வரும். வர வேண்டும். இரண்டு துண்டாக்கினால் மட்டும் பாதி ஆகிவிடாது, இரண்டும் சமமாக இருந்தால்தான் பாதி. பின்னத்தின் முதல் பாடம் இவ்வளவுதான். குரங்கு ஏன் ஜெயித்தது, பூனைகள் என்ன செய்திருக்கலாம் என்று பேசினால் பகிர்தலும் சேர்ந்து வந்துவிடும்.

5. சதுரங்கமும் அரிசியும் (8 வயது முதல்): முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4 என்று இரட்டிப்பாகக் கேட்ட புலவரின் கதை. செஸ் போர்டில் முதல் ஆறு கட்டங்களுக்கு நிஜ அரிசியை வையுங்கள்: 1, 2, 4, 8, 16, 32. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள அரிசி, அதற்கு முன்பு வைத்த மொத்தத்தைவிட ஒன்று அதிகம் என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். முதல் வரிசை எட்டுக் கட்டமும் முடிந்தால் மொத்தம் 255 அரிசிதான். 64 கட்டத்துக்கும் சேர்த்தால்? 1,84,46,74,40,73,70,95,51,615! இருபது இலக்கம். ராஜாவின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பரமபதத்தில் ஒரு சின்ன மாற்றம்!

கதைக்கு அடுத்து விளையாட்டு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்து மழலையர்களோடு ஓர் எளிய விளையாட்டை விளையாடினார்கள். ஒரே நேர்க்கோட்டில் 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்கள், அதில் காய் நகர்த்த வேண்டும். 15, 20 நிமிடம், இரண்டு வாரத்தில் நான்கே தடவை. 2008-ல் வெளியான முடிவில், எண்களில் எது பெரிது, எது எங்கே வரும் என்ற புரிதல் அந்தக் குழந்தைகளிடம் தெளிவாகக் கூடியிருந்தது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

நம் வீட்டுப் பரமபதத்திலும் எண்கள் உண்டு. ஆனால் நாம் எப்படி விளையாடுகிறோம்? காய் 15-ல் இருக்கிறது, தாயத்தில் 3 விழுந்தது என்றால் 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்று நகர்த்துவோம். அதை மாற்றி, கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லி நகர்த்துங்கள்: 'பதினாறு, பதினேழு, பதினெட்டு.' இவ்வளவுதான் மாற்றம். 15 + 3 = 18 என்பது வாயிலேயே வந்துவிடும்.

பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. குழியில் நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுப்போமே, அந்தப் பசுவை எண்ணாமல் பார்த்த உடனேயே கண்டுபிடிக்கப் பழகுவதும் ஒரு கணக்குத் திறன்தான்.

தமிழில் எண்ணினால் ஒரு போனஸ்

'இலெவன், டுவெல்வ்' என்ற சொற்களைக் கேட்டால் உள்ளே பத்து இருப்பது குழந்தைக்குத் தெரியாது. 'பதினொன்று, பதிமூன்று' என்றால் தெரியும். ஒரு தட்டில் பத்து வடை, இன்னொரு தட்டில் மூன்று. பத்தும் மூன்றும் பதிமூன்று. 'தர்ட்டீன், தர்ட்டி' குழப்பமும் இதில் இல்லை, ஏனென்றால் முப்பது என்பது மூன்று பத்து. (தொண்ணூறு மட்டும் நம்மைக் கொஞ்சம் சுற்றலில் விடும்!) பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணினாலும், கதையில் தமிழில் எண்ணுங்கள். இடமதிப்பு தானாகப் புரியும்.

ஆனால்... கதை மட்டும் போதாது!

இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும். டெல்லியில் 'பிரதம்' அமைப்பின் 214 மழலையர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளோடு ஒரு பெரிய சோதனை நடந்தது. பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் அந்தக் குழுவில் ஒருவர். ஐந்து வயதையொட்டிய குழந்தைகளைக் கணக்கு விளையாட்டுகள் விளையாட வைத்தார்கள். முடிவு 2017-ல் வெளியானது. எது அதிகம், எந்த உருவம் வேறுபடுகிறது என்பது போன்ற உள்ளுணர்வு கூடியது. ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்திருந்தது. ஆனால் முதல் வகுப்பில் எண்களும் குறிகளும் கொண்ட பாடம் வந்தபோது, விளையாடிய குழந்தைகள் மற்றவர்களைவிட முந்திவிடவில்லை.

ஏன்? விளையாட்டு ஒரு கரையில், நோட்டு இன்னொரு கரையில். இடையே பாலம் போடுவது யார்?

அந்தப் பாலத்துக்கு, ஜெரோம் புரூனர் என்ற கல்வி உளவியலாளர் 1960-களிலேயே மூன்று படிகள் சொன்னார். முதலில் கையால் செய்வது, பிறகு படமாகப் பார்ப்பது, கடைசியில் குறியாக எழுதுவது. வீட்டில் இப்படிச் செய்யலாம்:

* திங்கள்: கதை சொல்லி, பத்து மூடிகளை வடையாக வைத்து, காக்கா ஒன்றைத் தூக்கட்டும்.
* புதன்: அதே கதை. இப்போது பேப்பரில் பத்து வட்டம் வரைந்து, ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள்.
* வெள்ளி: அந்தப் படத்துக்குக் கீழே நீங்களே எழுதுங்கள்: 10 - 1 = 9. 'இதுதான் பாட்டி. இது காக்கா. இது மிச்ச வடை' என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

அவ்வளவுதான். மூன்று கிறுக்கல்களுக்கும் இப்போது ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் கதை, பாட்டு, பொம்மலாட்டம் வழியாகத்தான் சின்ன வகுப்புப் பாடங்கள் நடக்கின்றன. குழந்தைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் குழந்தை அந்த வகுப்புகளில் இருந்தால், 'இன்னைக்கு என்ன கதை?' என்று கேளுங்கள். அதையே வீட்டில் தொடரலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* ஒரு கதையில் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. பத்துக் கேள்வி கேட்டால் அது கதை இல்லை, டெஸ்ட். அடுத்த நாள் கதை கேட்கவே வராது.
* தப்பான விடை சொன்னால் 'இல்ல, தப்பு' என்று வெட்டாதீர்கள். 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேளுங்கள். பாதி நேரம் சொல்லும்போதே திருத்திக்கொள்வார்கள்.
* ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். பத்து வடையை ஏழாக்குங்கள், ஒரு காக்காவை இரண்டாக்குங்கள். கதை பழசு, கணக்கு புதுசு.
* 'எனக்கும் மேத்ஸ் வராது' என்ற வாக்கியத்தைக் குழந்தையின் காதுபடச் சொல்லவே சொல்லாதீர்கள்.

கடைசி விஷயத்தை அக்காவிடம் போனில் சொன்னபோது, கொஞ்ச நேரம் அவளிடம் பேச்சே இல்லை. "நம்ம அப்பா என்கிட்ட அதைத்தான்டீ சொல்லிட்டே இருந்தாரு, 'பொம்பளப் புள்ளைக்கு கணக்கு வராது'ன்னு" என்றாள்.

சென்ற வாரம் மறுபடி போயிருந்தேன். குட்டி இன்னும் சில நேரம் 12-ஐ 21 என்றுதான் எழுதுகிறாள். ஒரு மாதத்தில் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் நோட்டைப் பார்த்தால் அழுவதில்லை. ஓரத்தில் குட்டிக் குட்டி வட்டங்கள் வரைந்து எண்ணிக்கொள்கிறாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியலையே, நீயே சொல்லேன்" என்று நடிக்கிறாள். கொஞ்சம் ஓவர் ஆக்டிங்தான், ஆனாலும் வேலை செய்கிறது.

அன்று இரவும் அதே வடைக் கதை. கதை முடிந்து, லைட்டை அணைத்த பிறகு, இருட்டில் குட்டியின் குரல் மட்டும் கேட்டது.

"அம்மாச்சி... அந்தக் காக்காவும் நரியும் வடையை ஆளுக்குப் பாதியா பிச்சுக்கலாம்ல? சண்டையே வராதே!"

உங்கள் வீட்டுக் குட்டியிடம் இன்றிரவே இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பாட்டி எத்தனை வடை சுட்டாள் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்!